ஊவா மலைநாட்டிற் செம்மறி வளர்ப்பு: எருவும் கம்பளியும்

ஊவா மாகாணத்தின் மலைச்சாரல்களில் நெல், உருளைக்கிழங்கு, போஞ்சி, கோவா, கரட் முதலியவற்றைப் பயிரிடுவோருள், சில செம்மறியாடுகளை வாங்கி அவற்றின் கம்பளியைக் கத்தரித்து விற்றால் மேலதிக வருவாய் கிட்டுமென எண்ணுவோர் உளர். குளிர்ந்த காற்றும் பரந்த பத்தனைப் புல்வெளியும் இவ்வெண்ணத்தைத் தூண்டுவன. இது முற்றிலும் தவறான எண்ணம் என்று கூறுதல் இயலாது. ஆயினும் இம்மலைகளிற் செம்மறியாடு கமக்காரருக்கு முதலில் தருவது எருவாகும். அடுத்துத் தருவது குட்டியாகும். கம்பளி மூன்றாவதாகவே வரும். இவ்வரிசையை மாற்றிக் கணக்கிட்டு, சேமநிதிப் பணத்தையோ நகையை அடகு வைத்த பணத்தையோ ஆட்டில் இடுபவர், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட்டையும் பணத்தையும் ஒருங்கே இழக்க நேரும். ஆதலால் ஆடு வாங்குமுன் அறிந்திருக்க வேண்டியவை இங்கே கூறப்படுகின்றன.

எல்லாச் செம்மறியும் கம்பளி தருவதில்லை

இலங்கையிற் செம்மறியாடுகள் பெரும்பாலும் உலர் வலயத்திலே, சிறப்பாக வடமாகாணத்திலே, வளர்க்கப்பட்டு வருகின்றன. யாழ்ப்பாணத்துச் செம்மறி உடல் சிறுத்தது. வெப்பத்தையும் வறட்சியையும் தாங்குவது. அதன் உடலை மூடியிருப்பது மயிரேயன்றிக் கம்பளியன்று. மயிர் நேராகவும் விறைப்பாகவும் இருக்கும். அதனை முறுக்கி நூலாக்கினால் நூல் நில்லாது. கம்பளி இழையோ நெளிந்து சுருண்டிருப்பது. அதன் மேற்பரப்பில் மீன் செதிள் போன்ற நுண்ணிய அடுக்குகள் உண்டு. இவ்விரண்டு தன்மைகளாலேயே ஓரிழை மற்றோரிழையைப் பற்றிக்கொண்டு நூலாகின்றது. சந்தையில் ஆடு வாங்குவோர் விலாப்புறத்து உரோமத்தை விரலாற் பிரித்து, அடியிலே நெளிந்த மென்மையான இழை உண்டா எனப் பார்த்தல் வேண்டும். இல்லையெனில் அவ்வாட்டினின்றும் ஒரு காலுறைக்கு வேண்டிய நூலும் கிடையாது.

மலைநாட்டிற்கு மேனாட்டுச் செம்மறியைக் கொணரும் முயற்சி புதியதன்று. 1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலப் பண்ணையை நிறுவ முற்பட்டபோது, சவுத்டவுண், லெஸ்ரர், கொட்ஸ்வோல்ட் ஆகிய மூவினக் கடாக்களைக் கப்பலேற்றி வந்தார். அவர் பட்ட நட்டங்களை அவரே எழுதி வைத்துள்ளார். வந்து சேர்ந்த சின்னாட்களில் நோய் பரவி அவருடைய எருதுகள் 26 மாண்டன, குதிரைகளும் மாண்டன. பணமும் ஆட்களும் நிறைய உடைய ஒருவருக்கே புதிய இடத்திற் கால்நடை வளர்த்தல் இத்துணைக் கடினமாயிருந்ததென்பதைச் சிறு கமக்காரர் நினைவிற் கொள்ளல் நன்று.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கண்டவை

தேயிலைத் தோட்டமும் மரக்கறித் தோட்டமும் செறிந்த தமிழக மலைகளிற் கம்பளிச் செம்மறி உண்டு. நீலகிரி ஆடு என்பது 19ஆம் நூற்றாண்டிலே கோயமுத்தூர்ப் பகுதியின் நாட்டுச் செம்மறியோடு தஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுண் ஆகிய இனங்கள் கலந்து உருவாயிற்று. அது வெண்ணிறமானது, அதன் கம்பளி மென்மையானது. எனினும் ஓராட்டிற்கு ஓராண்டிற் கிடைப்பது ஏறக்குறைய அரைக் கிலோவிற்குச் சற்று மேற்பட்ட அளவேயாம். கம்பளியின் விலை கூலிக்கும் கட்டாமற் போகவே, அவ்வினத்தின் தொகை வெகுவாகக் குறைந்தது. இன்று அதனைக் காக்கும் பணி உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லாவிலுள்ள செம்மறி இனவிருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் நடைபெறுகின்றது.

கொடைக்கானலுக்கு அப்பாலுள்ள மன்னவனூரில், இந்திய மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்பிராந்திய நிலையம் 1965இல் அமைக்கப்பட்டது. அங்கே பாரத் மெரினோ என்னும் கலப்பினம் வளர்க்கப்படுகின்றது. அது நீலகிரி ஆட்டிலும் மிகுதியான கம்பளி தருவது. ஆனால் மன்னவனூரும் சாண்டிநல்லாவும் கடல்மட்டத்தினின்று ஏறக்குறைய 2,000 மீற்றர் உயரத்தில் உள்ளவை. பதுளை நகரோ ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தது. பண்டாரவளை 1,200 மீற்றருக்குச் சற்று மேற்பட்டது. அப்புத்தளையும் 1,400 மீற்றரளவினதே. பதுளையை அடுத்த பள்ளத்தாக்குகளில் அடர்ந்த கம்பளியுடைய ஆடு பகல் வெப்பத்தில் மூச்சிரைக்கும். அப்புத்தளை, வெலிமடை மேட்டு நிலங்களில் அது ஓரளவு தாங்கும். இனத்தைத் தெரிவு செய்யுமுன் நிலத்தின் உயரத்தைக் கேட்டறிதல் அவசியமாகும்.

பத்து ஆடுகளின் கணக்கு

பத்து ஆடுகள் உள்ள ஒரு மந்தையை எடுத்துக்கொள்வோமாயின், நீலகிரி ஆட்டின் அளவில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 6 கிலோ கம்பளி கத்தரிக்கலாம். இதில் மெழுகும் வியர்வையும் மண்ணும் சேர்ந்திருக்கும். கழுவியபின் மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ குறைந்து, 4 கிலோவிற்கு உட்பட்டதே எஞ்சும். வளர்ந்தவர் ஒருவரின் சுவெட்டருக்கு அரைக் கிலோ நூல் வேண்டும். எனவே பத்து ஆடுகளின் ஓராண்டுக் கம்பளி ஏழு அல்லது எட்டுச் சுவெட்டருக்குப் போதுமானது. ஒரு குடும்பம் உடுத்துவதற்கு இது நல்ல அளவே. விற்றுப் பிழைப்பதற்கு இது போதாது.

எருவின் கணக்கு வேறு விதமானது. வளர்ந்த ஆடொன்று ஓரிரவில் அரைக் கிலோவிற்குக் குறையாத புழுக்கை இடும். பத்து ஆடுகளுக்கு ஆண்டில் 1,800 கிலோவிற்கு மேலாகும். உலர்ந்த ஆட்டெருவில் நூற்றுக்கு 3 பங்கு நைதரசனும், 1 பங்கு பொசுபரசுச் சத்தும், 2 பங்கு பொற்றாசியச் சத்தும் உள்ளன. சாதாரண மாட்டெருவில் நைதரசன் அரைப்பங்களவே உண்டு. பசும் புழுக்கையின் நீரைக் கழித்துப் பார்த்தால், பத்து ஆடுகளின் ஆண்டெருவில் ஏறக்குறைய 19 கிலோ நைதரசன் இருக்கும். 50 கிலோ யூரியா மூடையொன்றிலுள்ளது 23 கிலோ. ஒரு மூடைதானா என்று சிலர் நினைக்கக்கூடும். யூரியா மூடை மண்ணிற்கு மட்கைத் தருவதில்லை. ஊவாவின் சரிவு நிலங்களில் ஆண்டுதோறும் மழையோடு வழிந்து போவது மட்கு கலந்த மேல்மண்ணேயாதலால், அதனை ஈடுசெய்வது எருவொன்றே. மேலும் 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவெம்பர் மாதத்திலே தடை நீக்கப்பட்டது. அந்த இடைக்காலத்திற் கொட்டிலில் எரு வைத்திருந்தவர் யார், வைத்திராதவர் யார் என்பது வெலிமடைச் சந்தைக்கு வந்த மரக்கறிக் கூடைகளிலேயே தெரிந்தது.

எருவைச் சேர்க்கும் முறை

யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பயிர் வைக்குமுன் தோட்டத்திற் பட்டி அடைப்பதும், தமிழகத்து உழவர் வயலில் ஆட்டுக்கிடை போடுவதும் பழைய வழக்கம். இரவு முழுவதும் ஆடுகளை நிலத்திலேயே அடைத்து வைத்தால் புழுக்கையோடு சிறுநீரும் மண்ணிற் சேரும். சிறுநீரில் நைதரசனும் பொற்றாசியமும் மிகுதியாதலால் இஃது பெரும் இலாபமாகும். ஊவாவின் நெல்வயல்களிலும் அறுவடைக்குப் பின் இதனைச் செய்யலாம். ஆடொன்றுக்கு ஒரு சதுர மீற்றர் இடம் வேண்டுமாதலால், பத்து ஆடுகள் மூன்றிரவில் ஒரு பேர்ச் அளவு நிலத்தை முடிக்கும். அடைப்பை வரப்போடு ஒட்டி வைத்தலாகாது. படிவயலின் வரப்பு ஆட்டின் குளம்பால் உடையுமாயின், எருவால் வந்த பயன் மண்வெட்டி வேலையிற் போய்விடும்.

மரக்கறி செய்வோர்க்குப் பரண் கொட்டிலே சிறந்தது. நிலத்தினின்று மூன்று அல்லது நான்கு அடி உயரத்தில், சட்டங்களுக்கிடையே ஒன்றரைச் சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுத் தளம் அமைத்தல் வேண்டும். புழுக்கை இடைவெளியால் விழும். ஆட்டின் கால் ஈரத்தில் நில்லாது. கீழே விழுந்ததை மழை படாமல் மூடி, வாரந்தோறும் வாரிக் குவித்து, வைக்கோல் அல்லது களைச்செடியோடு அடுக்கி மட்க விடுதல் வேண்டும். திறந்த வெளியிற் குவித்த எருவில் நைதரசன் பெரும்பகுதி காற்றோடும் நீரோடும் போய்விடும். பசும் புழுக்கையை நேரே கரட், சலாது போன்ற பாத்திகளில் இடுதல் கூடாது. பச்சையாக உண்ணும் மரக்கறியின் வழியே நோய்க்கிருமிகள் உண்பவரைச் சேரும். உருளைக்கிழங்கிற்குப் பசும் எரு இட்டால் தோலிற் சொறிநோய் மிகும்.

மழையும் புழுவும்

செம்மறியாட்டிற்கு ஊவாவில் உள்ள பகை குளிரன்று, ஈரம். பதுளைப் பகுதி தன் மழையிற் பெரும்பங்கை ஒற்றோபர் முதல் சனவரி வரையான வடகீழ்ப் பருவக்காற்றிற் பெறுகின்றது. அக்காலத்தில் நனைந்த புல்லில் மேயும் ஆட்டிற்குக் குடற்புழு பற்றும். இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் முறுக்குப் புழுவே இவற்றுட் கொடியது. பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு 5,000 முட்டைகளுக்கு மேல் இடும். ஒரு புழு குடிக்கும் இரத்தம் ஒரு துளி அளவினதே. ஆனால் ஆயிரம் புழுக்கள் சேர்ந்தால் நாளொன்றுக்கு 50 மில்லிலீற்றர் இரத்தம் போய்விடும். முட்டையினின்று வெளிவந்த இளம்புழு பனிநீரோடு புல்லின் மேலேறி ஆட்டின் வாய்க்குக் காத்திருக்கும். ஆதலாற் பனி உலருமுன் ஆட்டை மேய விடுதல் ஆகாது. காலை எட்டு மணிக்குக் கொழுந்து நிறுத்தல் நடக்கும் என்பதற்காக ஐந்து மணிக்கே ஆட்டை அவிழ்த்து விட்டுப் பெரட்டுக்குப் போகும் வழக்கம் மந்தையையே அழித்துவிடும். வேலைக்குச் செல்லும் குடும்பத்தினர் காலையிற் கொட்டிலில் உலர்ந்த தழை கட்டித் தொங்கவிட்டு, பிற்பகலில் மேய்த்தலே தக்கது.

புழு பற்றிய ஆட்டின் கண்ணிமையின் உட்புறம் வெளிறும். பின்னர்த் தாடையின் கீழ் நீர் கோத்து வீங்கும். தென்னாபிரிக்காவில் இமையின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வண்ண அட்டையொன்று உருவாக்கப்பட்டு, இன்று பல நாடுகளிற் பயன்படுகின்றது. அட்டை இல்லாவிடினும் நல்ல வெளிச்சத்தில் மாதமிருமுறை ஒவ்வொரு ஆட்டின் இமையையும் கீழிழுத்துப் பார்க்கலாம். சிவந்திருப்பதற்கு மருந்து வேண்டா. வெளிறியதற்கு மட்டும், நிறை அறிந்து, மிருக வைத்தியர் கூறிய அளவில் மருந்து கொடுத்தல் வேண்டும். மந்தை முழுவதற்கும் மாதந்தோறும் மருந்து ஊற்றுவதாலும், மருந்தை மிச்சம் பிடிக்க அரை அளவு கொடுப்பதாலும், மருந்துக்கு அஞ்சாத புழுக்களே தப்பிப் பெருகும். இத்தவறு மலிந்துள்ளமை வருந்தத்தக்கது.

ஈரத்தால் வரும் மற்றொன்று குளம்பழுகல். ஆடு நொண்டும், முழங்காலை மண்டியிட்டு மேயும், குளம்பிடையிற் கெட்ட நாற்றம் வீசும். வளர்ந்த குளம்பைச் சீவி, 100 பங்கு நீரில் 10 பங்கு நாகசல்பேற்றுக் கரைத்த தொட்டியில் ஆடுகளைச் சிறிது நேரம் நிறுத்தி, பின் உலர்ந்த தளத்தில் விடுதல் வேண்டும். துருசு பயன்படுத்துவோர் அந்நீரை ஆடு குடிக்காதபடி காக்க வேண்டும். செம்புச் சத்தைச் செம்மறியாடு பிற கால்நடைகளைப் போல் தாங்காது. மாட்டிற்கென விற்கும் தாதுப்பொடியிற் செம்பு சேர்ந்திருக்குமாதலால் அதனை ஆட்டிற்குக் கொடுத்தல் தவறாகும்.

தோட்டங்களில் திரியும் நாய்கள் சிறுத்தையிலும் மிகுதியான சேதம் விளைப்பன. கொட்டிலின் கதவு இரவில் தாழிடப்பட வேண்டும்.

தீனி

யூன் முதல் செப்தெம்பர் வரை ஊவாவிற் கச்சான் காற்று வீசும். தேயிலைக்கு மணத்தைக் கொடுத்து ஊவாத் தேயிலையின் பெயரை உலகெங்கும் பரப்பிய அதே காற்று புல்லைக் கருக்கிவிடும். அக்காலத்தில் மானாப்புல் முற்றி வைக்கோலிலும் கடினமாகும். ஆடு அதனைத் தொடாது. இளந்தளிர் வரட்டும் என்று பத்தனைக்குத் தீ வைப்போர் உளர். தீயோ புல்லோடு நிற்பதில்லை. தேயிலை மலைக்கும் யூக்கலிப்டஸ் சோலைக்கும் பரவும். பின்னர் ஒற்றோபர் மழை மூடலற்ற மண்ணை ஓடைக்கு அடித்துச் செல்லும். அம்மண் கீழுள்ள வயலின் வாய்க்காலை அடைக்கும். பத்து ஆடுகளின் தீனிக்காகப் பத்துக் குடும்பங்களின் வயலைக் கெடுத்தல் எவ்வகையிலும் பொருந்தாது. வேலியோரத்தில் கிளிரிசீடியாவும், பாத்தியின் சரிவு விளிம்பிற் கினிப்புல்லும் நட்டால் மண்ணும் நிற்கும், தீனியும் கிட்டும்.

மரக்கறிக் கழிவைத் தீனியாக்குதல் நல்லதே. அளவறிந்து செய்தல் வேண்டும். கோவா, பூக்கோவா இலைகளையே நாட்கணக்கிற் கொடுத்தால் ஆட்டின் இரத்தம் குன்றும். பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கும் அதன் கொடியும் நஞ்சு. உண்ணிச்செடியைத் தின்ற ஆட்டின் ஈரல் கெட்டு, வெயிற்பட்ட இடமெல்லாம் தோல் வெடிக்கும். இவை எல்லாவற்றிலும் கொடியது, பூச்சிநாசினி தெளித்த மறுநாள் கழித்தெறிந்த இலையைக் கொடுப்பதாகும். மனிதர் உண்பதற்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டுமென்று போத்தலிற் குறித்திருக்கின்றதோ, ஆட்டிற்கும் அத்தனை நாளாவது காத்திருத்தல் வேண்டும்.

ஆடு ஐந்து மாதம் சினை சுமக்கும். செப்தெம்பர் இறுதியிலும் ஒற்றோபரிலும் கடாவைச் சேர்த்தால், பெருமழை ஓய்ந்து புல் தழைத்திருக்கும் பெப்புருவரி, மார்ச் மாதங்களிற் குட்டி பிறக்கும். ஓராட்டைத் தனியே வளர்த்தல் கூடாது. செம்மறி கூட்டத்தில் வாழும் பிராணி. மூன்று பெட்டையாடுகளோடு தொடங்கி, கடாவை அயலாரோடு பகிர்ந்து, இரண்டாண்டுக்கொருமுறை கடாவை மாற்றுதல் நன்று. லயத்தில் வாழ்வோர் தோட்ட நிருவாகத்தின் அனுமதியை எழுத்திற் பெறுதல் வேண்டும். 7 பேர்ச் நிலத்தில் வீடு பெற்றவர்கள் மேய்ச்சலுக்கு இடமின்மையால், கொட்டிலிற் கட்டித் தீனி போட இயலுமா என்று முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இயலாதாயின் ஆடு வாங்காமலிருத்தலே இலாபம்.

கம்பளியை நூலாக்குதல்

கம்பளி என்னும் சொல் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. மழையிலும் பனியிலும் கொழுந்தெடுத்த முன்னோர் தலையையும் முதுகையும் கறுப்புக் கம்பளியால் மூடிக்கொண்டனர். அச்சொல் துரைமாரின் ஆங்கிலக் கணக்கேடுகளிலும் புகுந்தது. கொடுத்த கம்பளியின் விலை தொழிலாளியின் பற்றில் எழுதப்பட்டது. தென்னிந்தியாவில் குறும்பர் இனத்தார் கறுப்பாட்டு உரோமத்தைக் கையால் நூற்று, புளியங்கொட்டைப் பசை தடவி, இத்தகைய கம்பளியை நெய்து வந்தனர். பசை தடவிய கம்பளியில் மழைநீர் எளிதில் ஊறாது. இன்று அவ்விடத்தைப் பொலித்தீன் தாள் பிடித்துக்கொண்டது.

கம்பளிச் செம்மறி வைத்திருப்போர் ஆண்டுக்கொருமுறை, மழை நின்று வெயில் தெளிந்த மார்ச் மாதத்திற் கத்தரித்தல் தக்கது. ஆடு நனைந்திருக்கக் கூடாது. வயிற்றுப்புறத்து அழுக்கு உரோமத்தைத் தனியே பிரித்து, மரக்கறிப் பாத்தியிற் செடியின் அடியிற் போடலாம். கம்பளி புரதப்பொருளாதலால் மெல்ல மட்கி நைதரசனைத் தரும். நல்லதைக் கை பொறுக்கும் சூட்டினும் சற்று மிகுந்த வெந்நீரிற் சவர்க்காரம் கரைத்து ஊறவைத்தால் மெழுகு கழன்றுவிடும். அதனைத் துணியைப் போல் அடித்துத் துவைத்தலும், வெந்நீரிலிருந்து உடனே தண்ணீரில் இடுதலும் கூடாது. செதிள்கள் ஒன்றையொன்று பற்றி, கம்பளி பிரிக்கவியலாத கட்டியாகிவிடும். குறுகிய முரட்டுக் கம்பளியை வேண்டுமென்றே இவ்வாறு உருட்டி, பாதணியின் உட்தகட்டுக்கும் இருக்கைக்கும் ஏற்ற தடித்த விரிப்பாக்குவதும் உண்டு. நூலுக்கான கம்பளியை நிழலில் உலர்த்திச் சீவித் தக்களியில் நூற்றல் வேண்டும்.

சாயத்திற்குக் கடைக்குப் போக வேண்டுவதில்லை. 100 கிராம் நூலுக்கு 10 கிராம் படிகாரம் கரைத்த நீரில் நூலை முதலிற் சூடாக்கி, பின் வடித்த தேயிலைச் சக்கையைக் கொதிக்க வைத்த நீரில் இட்டால் நல்ல கபில நிறம் ஏறும். அந்நீரில் துருப்பிடித்த ஆணிகள் சிலவற்றை இட்டால் நிறம் கறுக்கும். வெங்காயத் தோல் பொன்மஞ்சள் தரும்.

கூடியிருந்து பின்னுதல்

ஒரு சுவெட்டருக்கு வேண்டிய நூலைத் தக்களியில் நூற்கப் பல மாலைகள் செல்லும். தனியே செய்பவருக்கு இவ்வேலை சலிக்கும்; பலர் கூடினாற் சலிப்பதில்லை. பெண்கள் கூடிக் கைத்தொழில் பழகும் சங்கங்கள் இலங்கையிற் பழமையானவை. கனடாவிற் பிறந்து யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்து இந்நாட்டில் வைத்தியராய்ப் பணிபுரிந்த மேரி இரத்தினம் அம்மையார், 1930இல் இலங்கை மகளிர் சமித்தியைத் தொடங்கினார். கனடாவில் 1897இல் தோன்றிய கிராமப் பெண்கள் சங்கங்களே அதற்கு மாதிரியாயின. கிராமத்துப் பெண்கள் ஓரிடத்திற் கூடி, தையலும் நெசவும் சுகாதாரமும் கற்றுக்கொள்ள அச்சமித்தி வழிசெய்தது. நீலகிரியில் தோடர் குலப் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியிற் கறுப்பும் சிவப்புமான நூலால் இடும் பூவேலைக்கு 2013இற் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் வளர்ப்பது எருமையே. நூலைக் கடையில் வாங்குகின்றனர். ஆகவே ஆடில்லாத லயத்துப் பெண்களும் நூல் வாங்கிப் பின்னல் தொடங்கலாம். இதற்கு ஆடு முன்னிபந்தனையன்று.

கடையில் வாங்கும்போது நூல் உண்மைக் கம்பளியா என்று பார்த்தல் அவசியம். சிறு துண்டைக் கொளுத்தினாற் கம்பளி மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலிற் பொடியும் சாம்பலாகும். அக்கிரிலிக் நூலோ உருகிக் கெட்டியான மணிபோல் உறையும். அக்கிரிலிக் தாழ்ந்த பொருளன்று. துவைக்க எளிது, விலையும் குறைவு. ஆனால் அதனைக் கம்பளியின் விலைக்கு வாங்குதலும் விற்றலும் ஏமாற்றாகும். அடுப்பருகே நிற்கும் பிள்ளைக்கு அதனை அணிவித்தலும் ஆபத்து.

காலையில் மலையேறி மாலையில் இறங்கும் பெண், அதன்பின் நீரும் விறகும் சுமந்து சமையலும் முடித்துப் பின்னல் ஊசியை எடுக்க வேண்டுமென்பது நியாயமாகாது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலே கூட்டத்திற்கு ஏற்றது. அவ்வேளை ஆட்டிற்குத் தழை வெட்டுதலும் அடுப்பைப் பார்த்தலும் வீட்டிலுள்ள ஆண்களின் பொறுப்பாயின், கூட்டம் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிடாது. முதலிற் பிறந்த குழந்தைக்குரிய குல்லாவும் காலுறையும் பின்னலாம். நூல் சிறிதே செல்லும்; பிழை விட்டாலும் அவிழ்த்து மீண்டும் பின்னலாம். அப்புத்தளைப் பனியில் அதன் பயனை எந்தத் தாயும் உடனே காண்பாள்.

விற்பனைக்குப் பின்னத் தொடங்கும்போது கணக்கைப் பற்றி முதலிலேயே முடிவு செய்தல் வேண்டும். இசுக்கொத்துலாந்தின் வடக்கேயுள்ள செற்லாந்துத் தீவுகளிற் பெண்கள் முதுகிற் கூடையைச் சுமந்து நடக்கும்போதும் கையாற் பின்னியவர்கள். அவர்களின் பின்னல் ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றது. எனினும் வணிகர் அவர்களுக்குக் காசு கொடுக்கவில்லை. பின்னலுக்கு ஈடாகத் துணியும் தேயிலையுமே கொடுத்தனர். அத்தேயிலையை வீடுவீடாகக் கொண்டுசென்று மாவுக்கு மாற்றித் தம் பசியாற்றிய பெண்களும் இருந்தனர். 1872இல் அரசாங்க விசாரணைக் குழுவொன்று இம்முறையை ஆராய்ந்து வெளிப்படுத்திற்று. துண்டு முறையாற் கடனிற் கட்டுண்டு, 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனின்றும் விடுபட்ட தோட்டத்து மக்களின் வழியினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆதலாற் கூட்டத்திற்கு ஒரு கொப்பி வேண்டும். யாருக்கு எத்தனை கிராம் நூல் கொடுக்கப்பட்டது, அதன் விலை என்ன, எத்தனை உருப்படி திரும்ப வந்தது, விற்ற விலை என்ன, பின்னியவர் கையிற் கொடுத்த காசு எவ்வளவு என்பன அதிற் பதியப்படல் வேண்டும். நூலை நிறுத்துக் கொடுத்து, உருப்படியை நிறுத்தே வாங்குதல் வேண்டும். எழுத்தறிந்த பள்ளிப்பிள்ளை ஒருவர் மாதமுடிவில் அதனை எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசித்தல் நன்று. கடைக்காரர் நூலைக் கடனாகத் தர முன்வரின், முதலாண்டில் அதனை ஏற்காமல், சிறு சீட்டுப் பணத்தைக் கொண்டு வாங்கிய நூலின் அளவிற்கே பின்னுதல் தக்கது. ஆடு வளர்க்கும் குடும்பம் அதே கொப்பியின் பின்பக்கத்தில் வாரந்தோறும் வாரிய எருக்கூடைகளின் எண்ணிக்கையையும், அவை எந்தப் பாத்திக்குப் போயின என்பதையும் குறித்துவரின், அடுத்த பெரும்போகத்திற்கு உரம் வாங்கும்போது எத்தனை மூடை குறைக்கலாமென்பது அவ்வெண்களிலிருந்தே தெரியவரும்.